மூன்றாவது சர்வரில் இருந்தவர்கள்

ஜாலான் புசார் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிக்கு, மென்பொருள் பழுது பார்க்கும் ஈவா ஏறிப் போனபோது மத்தியான மழை வலுத்திருந்தது. தேடல் சேவை ஒன்றின் மூன்று சர்வர்கள் அங்கேதான் இருந்தன. இறந்தவர் பெயரைத் தட்டினால், அவருடைய அஸ்தி எந்தத் தேவாலயத்தில், எந்த மாடத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். மறுநாள் கல்லறைத் திருநாள், கூட்டம் குவியும்.

"மூணாவது மட்டும் ரொம்பி வழியுதுக்கா. மத்த ரெண்டும் சும்மா கிடக்கு," என்றான் ரோனி. சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. "நாளைக்குப் படுத்துடுச்சுன்னா என் வேலை போச்சு லா."

காரணம் தெரிந்ததும் ஈவாவுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு புத்திசாலி, குடும்பப் பெயரை வைத்துத் தரவைப் பிரிக்கச் சொல்லியிருந்தான். லிம், வோங் என்று சீனர்கள் ஒழுங்காகப் பிரிந்து போனார்கள். நம்மாட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? படிவத்தில் அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டத்தோடு வந்த தமிழர்கள் அத்தனை பேரும் மூன்றாவது சர்வரில் போய் அடைந்திருந்தார்கள்.

அவர்களை மூன்றுக்கும் சமமாகப் பங்கிடும்படி கட்டளை கொடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அறை சில்லிட்டது. ஈரச் சாம்பல் வாடை மெல்லப் பரவியது.

மின்விசிறிகளின் இரைச்சலுக்குள் யாரோ பேசினார்கள்.

"எங்க வீட்டுக்காரர் எங்க?"

இரண்டாவது சர்வருக்குள்ளிருந்து ஒரு கிழவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதல் சர்வரில் ஒரு பெண்குழந்தையின் குரல்.

"அம்மா எங்க?"

ரோனி சுவரோடு ஒட்டிக்கொண்டான். "குடும்பம் குடும்பமா இருந்தவங்களப் பிரிச்சிட்டோம்க்கா," என்று கிசுகிசுத்தான். "என் வேலை போனா போகட்டும். பழையபடி வச்சிடுங்க."

ஈவா பதறி விசைப்பலகையை இழுத்தாள். எல்லாவற்றையும் மூன்றாவது சர்வருக்கே திருப்பினாள். குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

ஒன்று மட்டும் அடங்கவில்லை.

"எம் பிள்ளையக் காணோமே..."

மூன்றாவது சர்வருக்குள் ஒரு பெண் அழுதுகொண்டே இருந்தாள்.

ரோனி எண்ணிக்கையைச் சரிபார்த்தான். "ஒரு பிள்ளை குறையுதுக்கா. மூணு மெஷின்லயும் இல்ல."

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அந்த அழுகையைக் கேட்கப் பொறுக்காமல் ஈவா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஈசூன் போகும் ரயிலில் நல்ல கூட்டம். எப்படியோ அவளுக்கு இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நின்றுகொண்டிருந்த யாரும் அதில் உட்காரவில்லை.

பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சில்லென்ற சின்ன விரல்கள் அவள் கையைப் பற்றின.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட எப்பப் போவோம்?"