ஒரு சொட்டும் சிந்தாத சூப்

"செவ்வாய்க்கிழமைப் புயல்ல பியானோ தன்னால கிளம்பி மூணு சுத்து வந்துச்சு. நான் முந்நூத்திப் பன்னெண்டு பேருக்குப் பட்டாணி சூப் பரிமாறினேன். ஒரு சொட்டு சிந்தல!"

ஹெஸ்பெரா கப்பலின் தலைமைப் பரிமாறுநர் டாப்ளி, வியாழன் காலைக்குள் இதைக் கப்பலிலிருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். கொதிகலன் அறைப் பூனைகூடத் தப்பவில்லை. நம்பியவர் எவருமில்லை. அன்றைக்கு அலைகள் புகைபோக்கிக்கு மேலே எழும்பி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. மீன்களுக்கே குமட்டியதாகக் கேள்வி. அதில் சூப்பாவது, சிந்தாமலாவது!

அப்பேர்ப்பட்ட வாய்தான் இப்போது ஒரு பெண்ணின் வீட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஏடா பென்ஹேல் அழுத கண்ணோடு துணி அறைக்குள் வந்தபோது அங்கே இருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், துணி அறைப் பொறுப்பாளர் எடித் க்ரௌதர். இடி விழுந்தாலும் கையிலுள்ள துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். மற்றவர், கப்பலின் முடிதிருத்துநர் நோக்ஸ். குற்றம் நடப்பதற்கு முன்பே குற்றவாளியைச் சொல்லிவிடுவார்.

"நேத்துக் காலைல எங்கண்ணன் தூக்கத்துலயே போயிட்டார்ம்மா," என்றாள் ஏடா. "இப்போ அவரோட பழைய கூட்டாளி ஹாஸ்கெட் ஒரு பத்திரத்தை நீட்டுறான். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையிலயே அண்ணன் எங்க ஃபால்மத் வீட்டை அவனுக்கு எழுதிக் கொடுத்தாராம். நான் பொறந்த வீடு! நாளைக்கு சவுத்தாம்ப்டன்ல இறங்கினதும் நேரா வக்கீல்கிட்ட போறானாம்."

"விஷம்!" என்று துள்ளினார் நோக்ஸ். "அவன்தான் விஷம் வச்சிருக்கான்!"

"டீயைக் குடிங்க, நோக்ஸ்," என்ற எடித் ஏடாவின் பக்கம் திரும்பினார். "நீங்க அன்னைக்குச் சாப்பிட வரலையாம்மா?"

"கட்டிலைக் கட்டிப் பிடிச்சுட்டுக் கிடந்தேன். அண்ணன் தனியாத்தான் சாப்பிட்டார், ஹாஸ்கெட் இந்தப் பயணம் பூரா சாப்பாட்டு அறைப் பக்கமே வரலன்னு டாப்ளி சொல்றார். ஆனா அதிகாரி ஸ்ட்ராக்கன், பியானோ நடந்துச்சுன்னு சொல்றவன் எல்லாம் ஒரு சாட்சியான்னு சிரிக்கிறார்."

"பத்திரம் கசங்கியிருக்கா?"

"இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. மை ஒரு இடத்துலகூடப் பரவல."

எடித் தலைக்கு மேலே கொடிகளில் இன்னும் காய்ந்துகொண்டிருந்த மேசைவிரிப்புகளை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு மணிக்கு எல்லாரும் ஸ்ட்ராக்கன் அறைக்கு வாங்க," என்றார்.

பயணிகள் அதிகாரி ஸ்ட்ராக்கன் சரக்குக் கப்பல்களில் காலம் தள்ளிவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஹெஸ்பெராவுக்கு வந்தவர். புயலன்று தன் அறையைவிட்டு அசையவில்லை. "வாங்க, டாப்ளி. பியானோ பின்னாடி வருதா?" என்றார்.

டாப்ளியின் காது சிவந்தது. எடித் ஹாஸ்கெட்டின் பக்கம் திரும்பினார். "நடந்ததைச் சொல்லுங்க."

"இதுல என்ன இருக்கு?" என்றார் ஹாஸ்கெட். "பென்ஹேல் கிண்ணத்தைத் தள்ளி, மேசை ஓரத்துல தட்டு விழாம இருக்க ஒரு மரச்சட்டம் இருக்குமே, அதுல முட்டுக் கொடுத்து நிறுத்தினார். விரிப்பு மேலயே பத்திரத்தைப் பரப்பிக் கையெழுத்துப் போட்டார். என் சூப்பு முழுக்க என் மடியில. யாருக்குத்தான் சிந்தல, இந்த மகானைத் தவிர?"

ஸ்ட்ராக்கன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யுத்தத்துக்கு முன்னாடி இந்தக் கப்பல்ல வந்திருக்கீங்க, இல்லையா?" என்றார் எடித்.

"நாலு தடவை."

"அப்போ நீள மேசைங்க. தரையோட ஆணியடிச்ச சுழல் நாற்காலிங்க. ஒருத்தர் எழுந்தா பக்கத்துல இருக்கறவர் முழங்கால் போச்சு. மேசை ஓரத்துல சட்டம் இருந்துச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி அதையெல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டாங்க. இப்போ சின்ன வட்ட மேசை, குட்டி விளக்கு, இழுத்துப் போடற நாற்காலி. ஒரு மேசையிலயும் சட்டம் கிடையாது."

ஹாஸ்கெட் கையை உதறினார். "ஞாபகப் பிசகு. அந்த ஆட்டத்துல சட்டத்தை யார் பார்த்தா?"

"சட்டமே இல்லன்னா டாப்ளி விட்டது இன்னும் பெரிய கதை!" என்றார் ஸ்ட்ராக்கன்.

எடித் ஸ்ட்ராக்கனுக்குப் பக்கத்திலிருந்த சிறு மேசையில் ஒரு விரிப்பை விரித்து, தண்ணீர்க் குடுவையை அப்படியே அதன்மேல் கவிழ்த்தார்.

"ஐயோ, என் கால்சட்டை!" என்று அலறினார் ஸ்ட்ராக்கன்.

எடித் பாதி நிறைந்த கிண்ணம் ஒன்றை ஈரத்தின்மேல் வைத்தார். நோக்ஸ் மேசையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிச் சாய்த்தார். கிண்ணம் அட்டைபோல ஒட்டிக்கொண்டு நின்றது.

"சட்டம் போனதிலேர்ந்து புயல்னா டாப்ளி செய்யறது இதுதான். ஆள் உட்காரறதுக்கு முன்னாடியே எல்லா விரிப்பையும் நனைச்சிடுவார். கிண்ணத்துல பாதி சூப்தான் ஊத்துவார். அன்னைக்கு அம்பத்திரண்டு மேசை, முந்நூத்திப் பன்னெண்டு பேர். அம்பத்திரண்டு விரிப்பும் எனக்குச் சொட்டச் சொட்ட வந்துச்சு. ஒண்ணுலகூடப் பச்சைக் கறை இல்ல." எடித் ஹாஸ்கெட்டைப் பார்த்தார். "அந்தப் பத்திரத்தை இதுமேல பரப்புங்க, பார்ப்போம்."

ஹாஸ்கெட் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மை அழிஞ்சிடுமே!"

"செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி அழியல?"

ஹாஸ்கெட் பத்திரத்தோடு கதவுப் பக்கம் நகர்ந்தார். ஸ்ட்ராக்கன் எழுந்துபோய்ப் பத்திரத்தை அவர் விரல்களிலிருந்து பிடுங்கி, போலீஸிடம் கொடுப்பதற்காக இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஏடா நாற்காலியில் தொப்பென்று அமர்ந்து விசித்தாள்.

ஸ்ட்ராக்கன் நனைந்த முழங்காலைத் துடைத்தபடி, "சரிய்யா டாப்ளி, சூப் விஷயம் உண்மை," என்றார்.

"பியானோ, சார்?"

ஸ்ட்ராக்கன் எடித்தைப் பார்த்தார்.

"கம்பளத்துல மூணு வட்டம் சக்கரத் தடம்," என்றார் எடித். "புதன்கிழமை பூரா நான்தான் தேய்ச்சேன்."

ஸ்ட்ராக்கன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

"அதுவும் உண்மைதான்யா," என்றார்.