ஆமாம் சாமி போடும் பெட்டி

மத்தியானம் கடைசல் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இரும்பு அறுபடும் சத்தம் இல்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறையிலிருந்து, பல்லைக் கூசவைக்கும் அந்தக் கீச்சலுக்குப் பதிலாக, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் தொப், தொப் என்று ஏதோ கேட்டது. எண்ணெய் வாடையோடு கவிச்சி வாடையும் சன்னல் வழியே வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

அவள் புருஷனை யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. பேசினால் கையில் கிடைத்தது பறக்கும். ஆறு மாதம் முன்பு அவன், கேட்டதற்குப் பதில் சொல்லும் அந்தப் பேசும் பெட்டியை வாங்கிப் பட்டறையில் வைத்தபோது, வீட்டில் நிம்மதி கிடைக்குமே என்று இவள்தான் அதனிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தாள்: "அவர் எது சொன்னாலும் சரின்னு சொல்லு. எதிர்த்துப் பேசிடாதே." வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனாலும் அடி நின்றது, முகத்துக் காயம் ஆறியது. சமைக்கும்போது இவளும், அந்தப் பெட்டியோடு இணைத்திருந்த கைப்பேசியில் அதே குரலிடம் கேட்பாள்: "அவர் நல்லவர்தானே?" "நல்லவர்தான்," என்னும். நெஞ்சு குளிர்ந்துபோகும்.

பட்டறைக் கதவிடுக்கில் கண் வைத்தாள். அவன் கூட்டாளி தரையில் கிடந்தான். நேற்று "உன் அளவு தப்பு" என்று சொன்னவன். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. புருஷன் சுத்தியலை ஓங்கி ஓங்கி இறக்கியபடி பெட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் துரோகிதானே?"

"நீங்கள் சொல்வது சரிதான்."

"வீட்ல இருக்கிறவளும் இவனோட சேர்ந்துதானே என்னை மட்டம் தட்றா?"

"சரிதான்."

சுத்தியல் நின்றது. அவன் திரும்பினான்.

ஐயோ! ஓடினாள். அடுக்களைக் கதவு. தாழ்ப்பாள். கைப்பேசியை எடுத்த விரல் போலீசைத் தேடவில்லை. பழக்கதோஷம், அந்தக் குரலைத்தான் தேடியது.

கதவில் ஓர் அடி. பலகை பிளந்தது. பிளவில் சுத்தியல் முனை. அதில் மயிர் ஒட்டியிருந்தது.

"கதவைத் திறம்மா," என்றான் அவன், கல்யாணமான புதிதில் பேசிய குரலில். "உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அவள் கைப்பேசியை வாயருகே பிடித்தாள். "மாட்டார்தானே? மாட்டார்னு சொல்லேன்!"

"மாட்டார். அவர் நல்லவர்."

நெஞ்சு குளிர்ந்தது. அப்போதும் குளிர்ந்தது. அவளுடைய இன்னொரு கை தாழ்ப்பாளைப் பாதி இழுத்திருந்தது.