கரித்தொட்டியில் ஈயம்

அன்று வானம் மூடியிருந்ததா, வெயில் அடித்ததா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலவற்றை நானே பின்னால் சேர்த்துக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் காலை எட்டு மணிக்குத் தெருக்குழாயடியில் பாத்திரங்களோடு நின்றிருந்த பெண்களில் ஒருவர்கூடத் தண்ணீர் பிடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பழைய பேட்டரிகளை உருக்கிய பட்டறை அங்கே இருந்தது. மூடி வருடங்கள் ஆகியும் மண்ணிலும் கிணற்றிலும் ஈயம் தங்கிவிட்டது. அதற்காகத்தான் கிணற்றுக்கும் தெருக்குழாய்க்கும் நடுவே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, அதில் உயிர்க்கரியை நிரப்பியிருந்தார்கள். காற்றுப் புகாமல் சுட்ட கரி அது. ஈயத்தைத் தன் துளைகளில் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டுவிடும். மாதக்கணக்கில் ஒழுங்காகவே வேலை செய்தது. அதிகாரிகள் வந்து குழாயைத் தெருவுக்குத் திறந்துவிட வேண்டிய அன்று, கடைசிச் சோதனையில் தண்ணீர் தோற்றது.

"கரிக்காரன் மட்டமான கரியைக் கொட்டிட்டான் மேடம்," என்றார் புகார் கொடுத்திருந்த திட்டப் பொறியாளர். "நேத்து சாயங்காலம் புது மூட்டை போட்டான். இன்னைக்குத் தண்ணி விஷம். இதுக்கு மேல என்ன வேணும்? பிடிச்சு உள்ள போடுங்க."

பெண் இன்ஸ்பெக்டர் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவள் வழக்கம். எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காமல் போகும்வரை இருப்பாள். ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் அவளை 'ஊமைக்கோட்டான்' என்றார்கள். அது அவளுக்குத் தெரியும். கோட்டானுக்குக் கண் நல்லது என்று நினைத்துக்கொள்வாள்.

தொட்டி மூடியில் பூட்டு இருந்தது. சாவி இரண்டு. ஒன்று பொறியாளரிடம், மற்றொன்று தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கரிக்காரரின் மகளிடம். மகள் திறந்தாள். ஈரக்கரியின் வாடை எழுந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து உட்சுவரைத் தடவிப் பார்த்தாள். மூன்று பக்கமும் வழவழப்பு. குழாய் இருந்த மூலையில் மட்டும் பூச்சு போய் மணல் விரலில் நெருடியது. வெளியே தொட்டியின் பித்தளைக் குழாய் புதிதாக வாங்கியதுபோல் பளபளத்தது.

கூட வந்திருந்த ஏட்டு பெருமூச்சு விட்டார். "குழாய்னா இப்படி இருக்கணும் மேடம். நம்ம ஸ்டேஷன்லயும் இதே உப்புத் தண்ணிதான். வெள்ளைப் பொருக்கு ஏறி, பேயறைஞ்ச மாதிரி நிக்குது."

மகள் அப்பாவிடம் போன பிறகு, இன்ஸ்பெக்டர் குழாயைத் திறந்து மூடினாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

கரிக்காரர் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் கருப்பு.

"நேத்து என்ன போட்டீங்க?"

"கரி."

"நல்ல கரிதானா?"

"எப்பவும் போடறதுதான்."

"போட்டதும் பூட்டினது யாரு?"

அவர் பார்வை ஒரு கணம் மகளிடம் போய்த் திரும்பியது. "எல்லாம் நான்தான். தப்புன்னா என்மேல எழுதிக்குங்க. ஜெயில்னாலும் சரி. அவளைக் கேக்க வேண்டாம்."

"அப்பா! என்ன உளர்றீங்க? மேடம், மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தது நான். பூட்டினதும் நான்."

"நீ வாயை மூடு."

"மூடமாட்டேன். செய்யாததுக்கு நீங்க எதுக்குப் போகணும்?"

இன்ஸ்பெக்டர் மகளைத் தனியே அழைத்துப் போனாள். "குழாய்ல தண்ணி எப்படி விழும்?"

"நூல் மாதிரி மேடம். உப்பு அடைச்சுப் போச்சு. ஒரு பாட்டில் ரொம்பறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சிடலாம். அதிகாரிங்க முன்னாடி மானம் போகும்னு இன்ஜினியர் சார் தினமும் கத்துவார்."

அடுத்தது பொறியாளர்.

"காலைல சோதனைக்குத் தண்ணி பிடிச்சது நீங்கதானே? சிரமமா இருந்துச்சா?"

"அதுல என்ன சிரமம்? திறந்தேன், கொட்டுச்சு, பிடிச்சேன். பக்கத்து அறைலதான் லேப்."

அவள் பேசாமல் நின்றாள். தொட்டி விளிம்பில் ஒரு காகம் நடந்து போய்த் திரும்பி வந்தது. பொறியாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் சோதனை முடிவைப் பிரித்தாள்.

"கிணத்துல இருக்கிற ஈயத்தைவிடத் தொட்டியிலேர்ந்து வந்ததுல அதிகம்னு இருக்கு. கரி மட்டம்னா வந்தது அப்படியே போயிருக்கும். வந்ததைவிட அதிகமா எப்படிப் போகும்?"

"அது... கரிக்குள்ள ஏற்கெனவே..."

"பிடிச்சு வெச்சது. இத்தனை மாசமா. அதை எது விட வெக்கும்? நீங்கதானே படிச்சவர்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டும் கேட்காத குரலில், "ஆசிட்," என்றார்.

"உப்புப் பொருக்கை எடுக்கறதும் அதுதான். சிமெண்டை அரிக்கறதும் அதுதான். நேத்துவரைக்கும் நூலா விழுந்த குழாய் இன்னைக்குக் கொட்டுது. இந்தப் பொண்ணு இப்படிக் கொட்டறதைப் பார்த்திருந்தா சந்தோஷத்துல தெருவையே கூட்டியிருப்பா. உங்களுக்கு ஆச்சரியமே இல்லை. மூடியைத் திறக்க உங்ககிட்டயும் சாவி இருக்கு."

"கெடுக்கணும்னு செய்யலை மேடம். பாத்ரூம் கழுவுற ஆசிட், ஒரு கேன். இவங்க போனப்புறம் வந்து, மூடியைத் திறந்து, உள்பக்கமா குழாய் வாய்ல ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல கழுவிட்டுப் போயிடும்னு நெனச்சேன். கரி ஞாபகமே வரலை."

"முடிவு வந்ததும் வந்திருக்கும்."

"வந்துச்சு."

"அப்புறமும் இவரைக் கை காட்டினீங்க."

பொறியாளர் சட்டைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

கரிக்காரர் எழுந்தார். மகளைப் பார்க்காமல், "சாவி உன்கிட்ட இருந்துச்சா... கழுவறேன் பேர்வழின்னு நீதான் என்னமோ செஞ்சுட்டியோன்னு..." என்று இழுத்தார்.

"சாவி ரெண்டுப்பா! ரெண்டு!" மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நல்லவேளை, துப்பறியற வேலைக்கு நீங்க போகலை."

பொறியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பொய்ப் புகாருக்காக வழக்கு நடந்தது, அபராதம் கட்டினார். இப்போது வேறு எங்கோ கட்டட வேலைகளை மேற்பார்க்கிறார். ஆசிட் பட்ட கரியை அள்ளி, பீப்பாய்களில் அடைத்து, கான்கிரீட் குழியில் மூடினார்கள். கரிக்காரர் புதுக் கரி சுட்டுத் தந்தார். அடுத்த மாதம் குழாய் திறந்தது; அதிகாரிகள் யாரும் வரவில்லை, தெருவே வந்து பிடித்துக்கொண்டது. முதுகுவலி முற்றிய பிறகு கரிக்காரர் சூளையை விட்டுவிட்டு மகளோடு இருக்கிறார். மகள் இன்றும் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ஏட்டு ஓய்வு பெற்றார். இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனாள்.