நிழலுக்குத் திரும்பிய ஸ்பேனர்

"திருட்டுன்னா போலீசுக்குப் போயிருப்பேன் சார்," என்றார் ஸ்டோர் கீப்பர். "இது எடுத்துட்டுப் போனதில்ல. வெச்சுட்டுப் போனது. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

சர்வேயர் பதில் சொல்லவில்லை. முப்பது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதமான கப்பல்களைப் பார்த்தவர். நாம் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் மீதியையும் சொல்லிவிடுவார் என்பதை அந்த வேலையில்தான் கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரும் தங்கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பல் டாக்டரான அவள் ஏற்கெனவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள்.

ஸ்டோர் கீப்பர் அம்மாள் கப்பல் உடைக்கும் யார்டில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவர். இப்போது அங்கே வெட்டுப்படுவது ஓய்வுபெற்ற ஒரு விமானந்தாங்கிக் கப்பல். விமானங்கள் எழும்பிய மேல்தளம் போய்விட்டது. உள்ளே விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் இருந்த கருவிப் பலகையை மட்டும் சேதமில்லாமல் கழற்றி, அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களின் சங்கத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

பலகை வெள்ளை. கருவிக்கு ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்தக் கருவியின் உருவம் கறுப்புச் சாயத்தில். அதற்கு நிழல் என்று பெயர். எடுப்பவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த ஆணியில் மாட்டவேண்டும். திருப்பி வைக்கும்போது டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு விமானமும் கிளம்பாது. காணாமல் போன ஸ்பேனர் எந்த என்ஜினுக்குள் கிடக்கிறதோ, யார் கண்டது? எண்ணிக்கை சரியென்றால் கூடத்தின் தலைவர் போனை எடுத்து மேல்தளத்துக்கு ஒரே வார்த்தை சொல்வார்: பறக்கலாம்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் எண்ணிக்கை குறைந்தது. தொண்ணூற்றாறில் ஒரு ஸ்பேனர் இல்லை. ஆணியில் தொங்கியது ஒரு மெக்கானிக்கின் டோக்கன், எண் நாற்பத்தொன்று. என் கையை விட்டுப் போச்சு என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். புது ஸ்பேனருக்கு வேறு ஆணி அடித்தார்கள். பழைய ஆணி டோக்கனோடு காலியாகவே இருந்தது, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டி மிரட்டுவதற்காக.

வெள்ளிக்கிழமை மதியம், யார்டின் ஸ்டோரில் வைத்திருந்த பலகையைப் பார்க்க மூன்று பேர் வந்தார்களாம். அப்போது கூடத்தை நடத்திய, இப்போது சங்கத்தை நடத்துகிற தலைவர், அந்த மெக்கானிக், கப்பலின் சமையல்காரர். கப்பலை அவர்கள் பெரியம்மா என்றே சொன்னார்கள். பெரியம்மாவுக்கு முட்டி வலி, பெரியம்மாவுக்கு வாய் அதிகம் என்று கேலி பேசிக்கொண்டு வந்தவர்கள் பலகையைக் கண்டதும் அடங்கிவிட்டார்கள். மெக்கானிக் காலி ஆணியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு முகம் கழுவ வெளியே குழாயடிக்குப் போனார். தலைவரும் சமையல்காரரும் ஆளுக்கொரு நுனி பிடித்துப் பலகைக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். ஸ்டோர் கீப்பர் குனிந்து கயிறு கட்டினார்.

சனிக்கிழமை காலை மேனேஜரோடு போய்த் தார்ப்பாயை விலக்கினால், காலி ஆணியில் ஸ்பேனர் தொங்குகிறது. ஸ்டோரின் பூட்டு பழுதில்லை. சாவி ஒன்றுதான், அது ஸ்டோர் கீப்பரிடம்.

"ஸ்பேனர் வைக்க வந்தவன் நாளைக்குச் செம்புக் கம்பியைத் தூக்க வருவான்னார் மேனேஜர். திங்கக்கிழமை பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்கணும். பதினாலு வருஷத்துல ஒரு நட்டு காணாமப் போனதில்ல சார். திருடின்னாக்கூட வாதாடிப் பாக்கலாம். சாவியை எவனுக்கோ குடுத்தவள்னு பேரு வாங்கிட்டு எப்படிப் போறது?"

சர்வேயர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறி ஆடை படிந்தது. தங்கை இரண்டு முறை செருமினாள்.

"தார்ப்பாயை எடுத்தப்போ உங்க கை எப்படி இருந்துது?" என்று கேட்டார் கடைசியில்.

ஸ்டோர் கீப்பர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், இன்னும் அங்கே இருப்பதைப் போல. "ஒரே கரி சார். வெள்ளிக்கிழமை ஏழு மணி வரைக்கும் கேஸ் கட்டர் ஓடிச்சு. தகரச் சுவர் இடுக்கு வழியா வந்து போர்வை மாதிரிப் படிஞ்சிடும்."

"அதுல விரல் தடம்?"

"என் விரல் பட்ட இடந்தான். வேற இல்ல."

"ஏழு மணி வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?"

"பலகைக்கு எதிர்லதான் என் மேசை."

ஸ்டோர் கீப்பர் ஸ்பேனரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். போனில் இரண்டு படங்கள் இருந்தன: வெள்ளிக்கிழமை எடுத்தது ஒன்று, சனிக்கிழமை எடுத்தது ஒன்று. தங்கை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"டோக்கன் போயிடுச்சுண்ணா. இங்க நாப்பத்தொண்ணு தொங்குது, இங்க இல்ல. மெக்கானிக்தான். முப்பது வருஷமா ஒளிச்சு வெச்சிருந்து இப்பக் கொண்டுவந்து மாட்டிட்டுத் தன் டோக்கனை எடுத்துட்டார். முடிஞ்சுது கதை. சாப்பிடலாமா?"

"ஸ்பேனர் எந்தப் பக்கம் பாக்குது?"

அவள் மறுபடி பார்த்தாள். நிழலின் வாய் இடது பக்கம் சாய்ந்திருந்தது. தொங்கிய ஸ்பேனரின் வாய் வலது பக்கம். முதுகு திருப்பி மாட்டியிருந்தார்கள்.

"இதோட வாயைக் கொஞ்சம் பாரு," என்றார் அண்ணன்.

"ஞாயித்துக்கிழமை கூட விடமாட்டியா?" என்று சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். பார்க்கப் பார்க்கக் கேலி குறைந்தது. "உள்பக்கம் மஞ்சளா அப்பியிருக்கு. பித்தளை. ஒரே இடத்துல வருஷக்கணக்கா எதையோ கடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கைப்பிடி நுனி மழமழன்னு தேஞ்சிருக்கு."

விமானத்தில் அந்த ஸ்பேனர் முடுக்கியது எஃகு நட்டுகளை. சர்வேயர் தலைவருக்குப் போன் செய்து, அன்று எங்கெல்லாம் தேடினீர்கள் என்று மட்டும் கேட்டார். கழிவறை முதல் சமையலறை வரை, மாவு மூட்டையைக்கூடக் கொட்டிப் பார்த்தோம் என்றார் தலைவர். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மூவரும் ஸ்டோருக்கு வரமுடியுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார் சர்வேயர். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டு மாளாமல் தங்கை திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

திங்கட்கிழமை ஸ்டோரில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர் சாவியை உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்தார். ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே மாட்டச் சொன்னார் சர்வேயர்.

"ராத்திரி இங்க யாரும் வரல," என்று ஆரம்பித்தார். "வந்து தார்ப்பாயைத் தூக்கியிருந்தா கரி கலைஞ்சிருக்கும். ஏழு மணிக்கு முன்னாடின்னா இந்தம்மா எதிர்லயே இருந்தாங்க. அதனால பூட்டும் தப்பு பண்ணல, சாவியும் தப்பு பண்ணல. தார்ப்பாய் போத்தும்போதே, அதுக்குள்ள கைய விட்டு, தடவிப் பாத்து மாட்டியிருக்காங்க."

மேனேஜர் வாட்சை விட்டுவிட்டுத் தார்ப்பாயைப் பார்த்தார்.

"அப்போ மெக்கானிக் குழாயடியில இருந்தார். நுனி பிடிச்சது ரெண்டு பேர். தலைவர் இந்தப் பலகையை எத்தனை வருஷம் எண்ணினார்?"

"பதினெட்டு," என்றார் தலைவர்.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் நீங்க திருப்பி மாட்டமாட்டீங்க. இந்தக் கூடத்துல வேலை பாக்காத ஒருத்தர்தான் அப்படி மாட்டுவார்."

யாரும் சமையல்காரர் பக்கம் திரும்பவில்லை. அவரே பேசட்டும் என்பதுபோலச் சர்வேயரும் நிறுத்திக்கொண்டார். தூரத்தில் கேஸ் கட்டரின் சீறல் கேட்டது. ஏதோ ஒரு பெரிய தகடு விழுந்து தரை அதிர்ந்தது. அதுவும் அடங்கியது. தங்கை வாயைத் திறந்தாள். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"சூப் கொதிக்கிற பெரிய அண்டா," என்றார் சமையல்காரர். "குழாய்த் திருகு உடைஞ்சு போச்சு. ஆயிரம் பேரு தட்டோட வரிசையில நிக்கறான். இவன்கிட்ட ஓடினேன். அஞ்சு நிமிஷத்துல தர்றேன்னு சொல்லி வாங்கினேன். பித்தளைத் தண்டுல மாட்டித் திருகினா, திருகு மாதிரியே உக்காந்துக்கிச்சு."

"தேடினவங்க எல்லாரும் எங்கயோ விழுந்து கிடக்கிற ஸ்பேனரைத் தேடினாங்க," என்றார் சர்வேயர் மெதுவாக. "வேலை பாத்துக்கிட்டிருந்த ஸ்பேனரைத் தேடல."

"என் சமையலறையைக் கலைச்சுப்போட்டுத் தேடினாங்க சார். தேடிக் களைச்சு, அதே குழாயைத் திறந்து சூப் பிடிச்சுக் குடிச்சுட்டுப் போனாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். பயம். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவனைப் படகுல ஏத்திட்டாங்க. அப்புறம் பத்து வருஷம் அது மேல கைய வெச்சுத்தான் எல்லாருக்கும் சோறு போட்டேன். ஓய்வாகும்போது பெட்டியில போட்டுக் கொண்டுவந்துட்டேன்." ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார். "பெரியம்மா போறதுக்குள்ள திருப்பி வெச்சிடணும்னு மட்டுந்தாம்மா நினைச்சேன். உங்க வேலைக்கு உலை வைக்கும்னு தோணவே இல்ல."

தலைவர் மெக்கானிக்கைப் பார்த்தார். அவரை இறக்கிவிட்ட உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் தலைவர்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"இறங்குற அன்னிக்குக் காலையில பாத்தேன்," என்றார் மெக்கானிக். "சூப் வாங்கப் போனேன். குழாயில இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"விதியை மீறிக் கருவியைக் குடுத்தது நான். சொன்னா ரெண்டு பேரும் இறங்கணும். அப்புறம் இவனோட உதவியாள் சமைப்பான். ஆயிரம் பேருக்கு அந்தப் பாவத்தை நான் செய்வேனா?"

தலைவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மேனேஜர், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா என்றார். ஸ்டோர் கீப்பர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார், இரண்டு முடிச்சு.

மெக்கானிக் பலகைக்குப் போனார். ஸ்பேனரை எடுத்தார். திருப்பினார். நிழல் முழுவதும் மறையும்படி மாட்டினார். பின்னால் கையை நீட்டினார்.

"குடுடா."

சமையல்காரர் சட்டைப் பையிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்து அந்தக் கையில் வைத்தார். "வெள்ளிக்கிழமையே குடுக்கணும்னுதான் எடுத்தேன். உன் மூஞ்சியைப் பாக்க முடியல."

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு?"

தலைவர் பலகையின் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பழைய ஆணி ஒவ்வொன்றின் மேலும் விரல் நின்று நகர்ந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மேனேஜர்கூட. எண்ணி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

"தொண்ணூத்தாறு," என்றார்.

பிறகு திறந்திருந்த கதவின் பக்கம் திரும்பினார். வெளியே மேல்தளம் இருந்த உயரத்தில் இப்போது வெறும் வானம்தான் இருந்தது. போன் இல்லாத கையைக் காதருகே கொண்டுபோனார்.

"பறக்கலாம்."