அழகா இருக்கான்னு சொல்லிடாதீங்க, சிஸ்டர்!

நெவேனா சிஸ்டர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கியிருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது.

பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. அரசாங்கச் சம்பளம், அரசாங்கக் கார். ஆனால் அந்தக் கார் மலையடிவாரத்துப் பாலத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் சேறும் ஆட்டுப் பாதையும்தான். செர்பியாவின் தெற்கு மலையில் இருக்கும் மேல் மஹலா என்ற குடியிருப்புக்கு வேறு வழி கிடையாது. பனி உருகிப் பாதை திறந்ததும், எடை பார்க்கும் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார் சிஸ்டர்.

பத்து வயதுக் கலினாவுக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவர்கள் வீட்டை யாரும் அப்படிச் சிரமப்பட்டுத் தேடி வந்ததில்லை. காணாமல் போன ஆடு ஒன்று ஒருமுறை வந்தது, அவ்வளவுதான்.

அப்பா கட்டட வேலைக்குத் தலைநகரம் போயிருந்தார். வீட்டில் அம்மா லில்யானா, அப்பாவின் அக்கா தெசாங்கா அத்தை, பிறந்து ஒன்றரை மாதமான தம்பி. தம்பிக்கு வூக் என்று பெயர் வைத்தது அத்தைதான். வூக் என்றால் ஓநாய். அந்தப் பெயரைக் கேட்டால் பீடையெல்லாம் பயந்து ஓடிவிடும் என்பது அத்தையின் கணக்கு.

சிஸ்டர் வூக்கை எடை போட்டார். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"எடை சரியா ஏறலையேம்மா. அடுத்த வாரம் வந்து திரும்பப் பார்க்கிறேன்" என்றார்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. தாய்க்குத் தைரியம் வருவது மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்தார்.

"கவலப்படாதீங்க! எவ்வளவு அழகா இருக்கான் பாருங்க. தங்கக்கட்டி! இப்படி ஒரு அழகான குழந்தைய நான் பார்த்ததே இல்ல!"

அம்மா வூக்கைத் துணியால் மூடினாள். விருந்தாளிக்கென்று பிளம் பழ இனிப்பு எடுத்து வந்த அத்தை, கரண்டியோடு அப்படியே நின்றார்.

"துப்பு" என்றார் அத்தை.

"என்னது?"

"பிள்ளைய அழகுன்னு சொல்லிட்டேல்ல? கண்ணு பட்டுரும். மூணு தடவ தூ தூ தூன்னு துப்பு. அசிங்கமா இருக்கான்னு சொல்லு. சீக்கிரம்!"

சிஸ்டருக்குத் தெரியாத வழக்கமில்லை அது. ஆனாலும் நகரத்தில் படித்தவர், சிரித்துவிட்டார். "இந்தக் காலத்துல போய் இதெல்லாமா? பச்சப் பிள்ள மேல யாராவது துப்புவாங்களா? கிருமி பரவும்மா!"

"கிருமியா? எங்க வீட்டுலயா?"

அத்தை இனிப்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து வூக் விடிய விடிய அழுதான். பழி யார் தலையில் விழும்? சிஸ்டர் தலையில்தான்.

அடுத்த வாரம் சிஸ்டர் வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"வீட்ல யாரும் இல்ல!" என்று உள்ளேயிருந்து கத்தினார் அத்தை.

சிஸ்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துக் கொட்டும் மழையில் மறுபடி வந்தார்.

"இன்னைக்கும் யாரும் இல்ல!"

கலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் குடிக்க ஆரம்பிப்பான், இரண்டு வாய் உறிஞ்சுவான், நழுவ விட்டுவிட்டு வீறிடுவான். பிறகு களைத்துத் தூங்கிவிடுவான். அவன் கால்கள் முள்ளங்கி வேர் மாதிரி இருந்தன.

"சிஸ்டர உள்ள விடலாம்ல, அத்தை?" என்று கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு எடை கம்மின்னு எழுதிக்கிட்டுப் போவா. நாளைக்கு நாலு பேர் வருவாங்க. உங்களுக்குப் பிள்ள வளக்கத் தெரியல, வக்கும் இல்லன்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிருவாங்க. ஏழைன்னா இளக்காரந்தானே!"

பேசிக்கொண்டே அத்தை தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதைக் கலினா அப்போதுதான் கவனித்தாள். அத்தைக்குக் கோபம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பயம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கலினா வீட்டுக்குப் போகவில்லை. பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அன்று கார் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. சிஸ்டர் இறங்கி மூட்டையை முதுகில் மாட்டுவதற்குள் கலினா எதிரே போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும், சிஸ்டர். நிஜத்தச் சொல்லணும். எங்க தம்பியத் தூக்கிட்டுப் போயிருவீங்களா?"

சிஸ்டர் திடுக்கிட்டுப் போனார். "அய்யய்யோ, அப்படியா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? இல்லடா கண்ணு. அவன் உங்க வீட்டுலயே கொழுகொழுன்னு வளரணும். அதுக்குத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. அதுக்குத்தான் இந்த மலையும் ஏறுறேன்."

"அத்தை கதவத் திறக்கலேன்னா?"

"நாளைக்கு வருவேன். நாளன்னைக்கும் வருவேன். அவன் எடை ஏறுற வரைக்கும் விடமாட்டேன்."

சிஸ்டரின் காலணி இரண்டிலும் பழைய சேறு காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த கலினாவுக்கு அவர் சொல்வது பொய்யில்லை என்று பட்டது.

"அப்ப நீங்க திட்டக் கத்துக்கணும்" என்றாள்.

"யாரை?"

"எங்க தம்பியத்தான். எங்க, திட்டுங்க பாப்போம்."

சிஸ்டர் யோசித்தார். "அவன் வந்து... பார்க்கச் சுமாரா இருக்கான்."

"இதுக்கு அத்தை ஜன்னலக்கூடத் திறக்க மாட்டாங்க."

"கொஞ்சம் அவலட்சணம்?"

"என்ன சிஸ்டர், கொஞ்சம்! மனசாரத் திட்டணும். தவளை மூஞ்சி! முட்டைக்கோஸ் தலை! சொல்லுங்க!"

பாதி மலை வரைக்கும் பாடம் நடந்தது. சிஸ்டர் நல்ல மாணவி இல்லை. ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் "பாவம்" என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கழற்றுவதற்குள் கலினாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீடு வந்தது. கலினா தலையாட்டினாள். சிஸ்டர் ஜன்னலுக்குக் கீழே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"எங்க அந்தத் தவளை மூஞ்சிப் பய? இவ்வளவு அசிங்கமான பிள்ளைய இந்த மாவட்டத்துலயே நான் பார்த்ததில்ல! தூ! தூ! தூ!"

பிறகு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது.

"மூக்கு?" என்றது அத்தையின் குரல்.

சிஸ்டர் கலினாவைப் பார்த்தார். மூக்கைப் பற்றிப் பாடம் நடக்கவே இல்லை.

"மூக்கா அது? காய்ஞ்ச மிளகாய்!" என்று சொந்தமாகவே எடுத்துவிட்டார் சிஸ்டர். "காது ரெண்டும் முறம்! அந்த அசிங்கத்த எங்கேயும் தூக்கிட்டுப் போக நான் வரல. இங்கேயே வச்சு வளக்கத்தான் வந்திருக்கேன். கதவத் திறங்கம்மா!"

கதவு திறந்தது. அத்தை சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை ரொம்பக் கஷ்டப்பட்டு இறுக்கி வைத்திருந்தார்.

"இப்பத்தான் மனுஷி மாதிரிப் பேசுற. உள்ள வா."

சிஸ்டர் கையைக் கழுவினார். இந்த முறை எடை போடுவதற்கு முன்னால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வூக் பால் குடிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் வாய்க்குள் மெதுவாக விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க பாருங்கம்மா. நாக்குக்கு அடியில ஒரு சின்ன சவ்வு ஒட்டிக்கிட்டு நாக்கை மேல தூக்க விடாம இழுக்குது. அதனாலதான் அவனால உறிஞ்ச முடியல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. டவுன்ல டாக்டர் ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவார். கார் கீழ நிக்குது, காசு எதுவும் வேண்டாம்."

அம்மா அழுதுவிட்டாள். தன் பாலில்தான் ஏதோ குறை என்று இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருந்தாள் போல.

"நானும் வருவேன்" என்றார் அத்தை. "என் கண்ணு முன்னாலதான் எல்லாம் நடக்கணும்."

"தாராளமா வாங்க. கலினாவும் வரட்டும்."

அரசாங்கக் காரின் முன் இருக்கையில் அத்தை ராணி மாதிரி உட்கார்ந்து போனார். டாக்டர் அறைக்குள் வூக் ஒரே ஒரு முறை வீறிட்டான். வெளியே வந்ததும் அம்மா அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். வூக் இரண்டு வாய் உறிஞ்சினான். மூன்றாவது வாய். நான்காவது. 'களுக் களுக்' என்று சத்தம் கேட்டது. அவன் விடவே இல்லை. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முக்காட்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். அன்று சாயங்காலமே எல்லோரும் வீடு திரும்பினார்கள், வூக்கும்தான்.

அதன் பிறகு சிஸ்டர் ஒவ்வொரு வாரமும் வந்தார். செர்ரி மரம் பூத்த சமயம், ஒருநாள் கருவியில் முள் எங்கே போய் நின்றது என்று பார்த்துவிட்டு, கலினாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏறிடுச்சு! நல்லாவே ஏறிடுச்சு! இனி வாராவாரம் பார்க்கத் தேவையில்ல."

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது அத்தை வாசலை மறித்து நின்றார். சிஸ்டரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டடக்குச்சி மாதிரி உடம்பு. காக்கா கூடு மாதிரி தல. இவ்வளவு அசிங்கமான பொண்ண இந்தக் கவர்மென்ட்டு எங்கேருந்துதான் புடிச்சு அனுப்புச்சோ!" என்றார். "தூ! தூ! தூ!"

சிஸ்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் கண் நிறைந்துவிட்டது.

மலை இறங்கும்போது அவர் இரண்டு முறை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். இரண்டு முறையும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்.