இரவல் தலை

கொத்தனார் தன் கையாலேயே கட்டிய வீடு அது. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் வழவழவென்று பூசிக் கொடுத்தவர், தன் வீட்டைப் பூசாமலே விட்டிருந்தார். கணினி பழுது பார்ப்பவன் நான். மத்தியான வெயிலில் மாடியேறிப் போனேன். மழை பெய்து மாதக்கணக்காயிற்று. ஆனால் உள்ளே நுழைந்ததும் ஈரச் சிமெண்ட் வாடை மூக்கில் ஏறியது.

கணினி மகளின் அறையில் இருந்தது. மகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், அவர் மூடி போடாமல் விட்டிருந்த தரைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனாள். ஒன்பது வயது. அப்பா வெளியூர் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவள் போனில் பேசி அனுப்பிய குரல்பதிவுகள்தான் மிச்சம். அவற்றை நாற்பத்தொரு ஜிப் கோப்புகளாகச் சுருக்கி வைத்திருந்தார்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிக்கலாமா என்று திரையில் கேட்டிருக்கிறது. சரியென்று அழுத்தியவர், வேலைக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டார். ஆளில்லாத இடத்தில் கரண்ட் ஓடவிடாதது கட்டட வேலைக்காரர் பழக்கம். பாதியில் நின்ற வேலை நாற்பத்தொன்றையும் குதறிப் போட்டிருந்தது. எதைத் திறந்தாலும் ‘கோப்பு பழுதடைந்துள்ளது.’

அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிற மனைவி கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“தொட்டியில ஒரு தடவ கொன்னாரு. இது ரெண்டாவது தடவ.”

கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜிப் கோப்பின் தலைப்பகுதி சிதைந்துவிட்டால் உள்ளே எது நன்றாயிருந்தாலும் திறக்காது. அதே மென்பொருளில் செய்த நல்ல கோப்பு ஒன்றின் தலையை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்போம். என் பென்டிரைவில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் மகள் பாடம் படித்தது, சண்டை போட்டது, இளைப்போடு சிரித்தது எல்லாம் அதில் கிடந்தன. நகல் எடுத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே அது.

சோம்பல். அசலிலேயே கை வைத்தேன்.

முதல் கோப்பு திறந்தது. “அப்பா, எப்பப்பா வருவ?” என்றது குரல். மனைவி ஸ்பீக்கர் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். ஒவ்வொன்றாகத் திறந்தன. ஐந்தாவதிலிருந்து குரலுக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. பழைய பதிவு, இரைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவதில் குரல் தணிந்து கேட்டது.

“அப்பா, இங்க ஒரு பாப்பா வந்திருக்கா. யாருப்பா இவ?”

அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு.

இளைப்பு வாங்கும் மூச்சு.

எட்டு வருடமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்கும் மூச்சு.

பென்டிரைவில் என் மகளின் கோப்பைத் திறந்தேன். பாடம் இல்லை, சிரிப்பு இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மட்டும். அப்போது போன் அடித்தது. என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து பேசினாள். வகுப்பில் எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்திவிட்டாளாம். வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லையாம்.

“வாயிலேர்ந்து தண்ணி தண்ணியா வருதுங்க.”

பென்டிரைவைப் பிடுங்கக் கை நீட்டினேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கலவைச் சட்டி சுமந்து காய்த்த கை.

“இன்னும் இருபத்தொம்போது இருக்கு,” என்றாள் கொத்தனார் மனைவி.

என் பிள்ளை என்று சொன்னேன். போனில் வந்ததை அவளும் கேட்டிருந்தாள்.

“என்னுதும் புள்ளதான்.”

கொத்தனாரைப் பார்த்தேன். அதுவரை தலை நிமிராதவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார். மூட்டை தூக்கின உடம்பு. மோதிப் பார்த்தேன், அசையவில்லை.

“முடிச்சிட்டுப் போங்க சார்,” என்றார். கெஞ்சுகிற குரல்தான்.

முடித்தேன்.

கொத்தனாரே என் பையைத் தூக்கி வந்து வண்டியில் வைத்தார். மாடியில் அவர் மனைவி சிரிக்கும் சத்தம் தெருவரை கேட்டது.

மூன்று நாள் என் மகள் பேசவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலாம் நாள் சாயங்காலம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். இளைப்பு போயிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், எங்கப்பாவுக்கு இன்னும் வேலை முடியலையா?”

என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பேச்சு வந்ததும் கிண்டலப் பாருங்க.”