மூச்சு விட்ட திரை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் பார்க்காதது போல இருந்துவிடுகிறேன். இன்றைக்கு ஒரு சுவரின் கதை. ஈரச் சுவர்.

ஒரு தையல்காரி இருந்தாள். அவளும் புருஷனும் ஒரு பழைய வீட்டை ஆசை ஆசையாக வாங்கிக் குடிவந்தார்கள். ஆறு வயதில் ஒரே மகள். உள்ளறையைக் குழந்தைக்கென்று கொடுத்தார்கள். அந்த அறையின் ஒரு சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. தையல்காரி அதன் மேல் வர்ணம் அடித்தாள். ஈரம் மறுபடி வந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது முறையும் வந்தபோது, அலமாரியை நகர்த்தி அதன் முன்னால் வைத்துவிட்டாள். கண்ணில் படாவிட்டால் இல்லை என்றுதானே நாமெல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

மழைக்காலம் வந்தது. குழந்தைக்கு இழுப்பு வந்தது. இரண்டு குட்டை இருமல், பிறகு விசில் போல ஒரு நீண்ட இழுப்பு. டாக்டர் அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"அந்தச் சுவர் காயிற வரைக்கும் புள்ளை அந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றார்.

குழந்தை பெரியம்மா வீட்டுக்குப் போனாள். தையல்காரிக்கு வீடு வீடாகவே இல்லை.

ஈரம் எடுக்கும் ஆட்களைத் தேடினார்கள். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே, "நல்ல பெயிண்டா அடிச்சிடலாம்" என்றார். இரண்டாமவர் சுவரையே இடிக்க வேண்டும் என்றார். "வீட்டையே இடிச்சுட்டா இன்னும் சுலபம், ஈரமே இருக்காது" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தான் புருஷன்.

மூன்றாவதாக வந்தவரை ஊரில் ஈரக்காரர் என்பார்கள். அவர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோடு காதை வைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. அங்கே மட்டும் இரண்டு தடவை தட்டினார்.

"இங்க சுவர் இல்ல தங்கச்சி. பலகை வச்சு அடைச்சுப் பூசியிருக்காங்க."

அவர் வேலை செய்யும் விதமே தனி. அறைக்கதவு இருந்த இடத்தை மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் திரையால் ஒட்டி மூடினார், நடுவில் ஒரு ஜிப். உள்ளே காற்றை உறிஞ்சிக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளும் மெஷினை ஓடவிட்டார். அதன் சுவிட்ச் கூடத்தில் இருந்தது. மெஷின் ஓட ஓட, திரை உறிஞ்சிய கன்னம்போல அறைக்குள் குழிந்து நின்றது.

"இது உள்பக்கமா குழிஞ்சிருந்தா பூஞ்சைத்தூள் வெளிய வராது. சத்தம் தாங்கலேன்னு நிறுத்திடாத. நிறுத்தினா திரை தொங்கிடும், எல்லாம் கூடத்துக்கு வந்துடும்."

தினமும் ஈரம் அளக்கும் மீட்டரைச் சுவரில் வைத்துப் பார்த்து, அந்தந்த இடத்திலேயே பென்சிலால் எண்ணை எழுதுவார். இருபதுக்குக் கீழே வந்தால் காய்ந்ததாகக் கணக்கு. மற்ற இடங்களில் அறுபது நாற்பதாகி முப்பதானது. பலகை இருந்த இடத்தில் முதல் நாள் எழுபத்தொன்று. இரண்டாம் நாள் எழுபத்தொன்று. மூன்றாம் நாளும் அதே.

"மீட்டர் பழுதா அண்ணே?"

ஈரக்காரர் மீட்டரைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மீட்டர் சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு பலகை இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார்.

நான்காம் நாள் பகல். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பலகையை அறுக்க ரம்பம் எடுத்துவர ஈரக்காரர் போயிருந்தார். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். தையல்காரி கூடத்தில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நனைந்த மண்ணும் பழைய துணியும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது.

மெஷின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ கேட்டது.

இரண்டு குட்டை இருமல். ஒரு நீண்ட இழுப்பு.

அவளுக்குக் கை நின்றுபோனது. அக்கா குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டாளா? அக்காவுக்குப் போன் செய்தாள்.

"இங்கதான்டி இருக்கா. என் சேலையைச் சுத்திக்கிட்டு டீச்சர் விளையாட்டு ஆடுறா. பேசுறியா?"

"அம்மா" என்றாள் மகள் போனில்.

அறைக்குள் இருமல் கேட்டது.

எந்தத் தாயால் கண்ணுகளா பொறுக்க முடியும்? மெஷின் சத்தம் இல்லாமல் கேட்டால்தான் தெரியும் என்று, போனை வைத்துவிட்டு, செய்யாதே என்று சொன்னதைச் செய்தாள். மெஷினை நிறுத்தினாள்.

வீடு நிசப்தமானது.

திரை தொங்கியிருக்க வேண்டும்.

தொங்கவில்லை. மெதுவாக அவள் பக்கம் உப்பியது. பிறகு உள்ளே போனது. மறுபடி உப்பியது.

மூச்சு விட்டது.

அவள் இடுப்பு உயரத்தில், பிளாஸ்டிக்கின் அந்தப் பக்கம், ஐந்து சின்ன விரல்கள் அழுந்தின. அழுந்திய இடத்தில் நீர் முத்து முத்தாகக் கோர்த்து வழிந்தது.

எட்டி சுவிட்சைப் போட அவளுக்குக் கை வரவில்லை. மழையில் நனைந்தபடி வந்த ஈரக்காரர்தான் போட்டார். திரை உள்ளே குழிந்தது.

"ஏம்மா நிறுத்தின?"

"இருமல் கேட்டுச்சுண்ணே."

அவர் சிரிக்கவில்லை. முகமூடி ஒன்றை அவளிடம் கொடுத்தார். இருவரும் உள்ளே போனார்கள். பலகையை அறுத்து இறக்கினார். பின்னால் ஒரு ஜன்னல். கம்பியோடு, கதவோடு, முழு ஜன்னல். வெளிப்பக்கம் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. செங்கல்லுக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

பலகையைத் திருப்பினார். உள்முகம் முழுவதும் கறுத்த பூஞ்சை. அதில் சின்னச் சின்ன உள்ளங்கைகள். ஒன்றல்ல, பத்தல்ல.

"இந்த இடுக்குல ஒரு பூனைக்குட்டிகூட நுழையாதே" என்றார் தனக்குத்தானே.

அறுக்கும் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அம்மாள் வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "முன்னால இருந்தவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. இழுப்புக்காரப் புள்ள. எப்பவும் இந்த ஜன்னல்லதான் உக்காந்திருக்கும், காத்துக்கு. மழைத்தண்ணி உள்ள வருதுன்னு அடைச்சுட்டாங்க. அடுத்த மழைக்கு அது இல்ல."

ஈரக்காரர் மழைநீர் சொட்டும் தலையைத் துடைத்துக்கொண்டார். "புதுப் பலகை போட்டு மூடிட்டா வெள்ளிக்கிழமை உன் புள்ளையக் கூட்டிட்டு வந்துடலாம். ஜன்னலைத் திறக்கணும்னா செங்கல்லை எடுத்து, மழை உள்ள அடிக்காம மேல தாழ்வாரம் இறக்கி, எல்லாம் காயணும். மூணு வாரம் ஆகும். நீ சொல்றதுதான்."

மகளைப் பார்த்து அவளுக்குப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பலகையில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"மூடாதீங்கண்ணே" என்றாள்.

செங்கல்லை எடுத்த அன்று காற்று அறைக்குள் வந்து சுற்றிவிட்டுப் போனது. மறுநாள், எழுபத்தொன்றிலேயே நின்ற அந்த ஜன்னல் ஓரத்தில் மீட்டர் பதினாறு காட்டியது. பென்சிலை எடுத்த ஈரக்காரர், எழுதாமலே காதில் சொருகிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மகள் வந்தாள். மழை அடித்துக் கொட்டியும் இழுப்பு இல்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ஒரு நாள் மத்தியானம் தையல்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து கேட்டது.

இரண்டு குட்டை இருமல். ஒரு நீண்ட இழுப்பு.

ஓடினாள். மகள் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

இருமல் ஜன்னல் பக்கமிருந்து மறுபடி வந்தது.

மகள் கண்ணைத் திறக்காமலே முனகினாள். "நான் இல்லம்மா. அவதான். எனக்கு வர்றதையும் சேர்த்து அவளே இருமிடுறாளாம். ஜன்னலை மட்டும் சாத்த வேணாமாம்."

ஜன்னல் கண்ணாடியில் சின்னதாய் ஓர் உள்ளங்கை, ஈரமாக, அப்போதுதான் வைத்ததுபோல. தையல்காரி தன் முந்தானையால் அதைத் துடைக்கவில்லை. ஜன்னலை இன்னும் ஒரு சாண் அகலமாகத் திறந்துவைத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் சுவரெல்லாம் காய்ந்து இருக்கட்டும். உங்கள் ஜன்னலெல்லாம் காற்றோடு இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.